வாண்டுமாமா: பெயரில்லாத பருவத்துக்கு எழுதியவர்

தமிழ்ப் பாட்டியல் நூல்கள் மனித வயதை நுட்பமாகப் பகுத்தவை. பெண்ணின் பருவங்களை ஏழாக்கி, 5 முதல் 7 வயது வரை பேதை, 8 முதல் 11 வரை பெதும்பை, 12, 13இல் மங்கை, 14 முதல் 19 வரை மடந்தை என்று அடுக்கிக்கொண்டே சென்று பேரிளம்பெண்ணில் முடிக்கும் மரபு அது. ஆண்பாலுக்கும் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்று பெயர்கள் உண்டு. உலா என்னும் சிற்றிலக்கியம் முழுவதும் இந்தப் பகுப்பின் மேல்தான் நிற்கிறது. இத்தனை நுட்பம் கைவரப்பெற்ற மொழியில், அச்சு வந்த பிறகு ஒரு விந்தை நிகழ்ந்தது. பதிப்புலகம் வாசகர்களை இரண்டாக மட்டுமே பிரித்தது: குழந்தைகள், பெரியவர்கள். மங்கையும் மடந்தையும் மறவோனும் காளையும் வாசகர்களாக எங்கே நிற்பது என்று எவரும் கேட்கவில்லை.

அந்தப் பெயரில்லாத இடத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்று எழுதியவர் வாண்டுமாமா. குழந்தை எழுத்தாளர் என்றே அவர் அறியப்பட்டார். அது பாதி உண்மை. அவருடைய உழைப்பின் கணிசமான பகுதி, குழந்தைப் பருவத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த, ஆனால் நாவல் வாசகராக இன்னும் மாறியிராத ஒருவருக்கானது. அந்த ஒருவரை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது நூல் அன்று, இதழ். அவருடைய வாழ்க்கையைச் சொல்வதென்பது, தமிழில் சிறுவர் இதழ் என்ற பாலம் கட்டப்பட்டதையும், அது ஒவ்வொரு பலகையாகக் கழன்றதையும் சொல்வதேயாகும்.

உப்புக் கரையிலிருந்து ஒரு பார்வை

இதை மரக்காணத்து உப்பளக் கரையிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரிக்கு வடக்கே, கழுவெளி ஏரியின் உப்பங்கழி கடலோடு கலக்கும் இடத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கின்றன இங்குள்ள உப்பளங்கள். ஆந்திரத்திலிருந்து கடலோரமாக இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் தன் தென்கோடியைத் தொடுவதும் இங்கேதான். ஒரு காலத்தில் இக்கால்வாயில் படகுகள் உப்பேற்றிச் சென்றன. தை, மாசியில் பாத்தி கட்டத் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை வரும்வரை வேலை. மழை இறங்கினால் மூன்று மாதம் கை ஓய்ந்துவிடும். இந்த வீடுகளிலிருந்து திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பெரும்பாலோர் அவ்வீட்டின் முதல் பட்டதாரிகள்.

இவர்களுடைய பெற்றோர், தாத்தா பாட்டி தலைமுறையில் எழுத்தறிந்த சிலரிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டால், விடை புத்தகத்தின் பெயராக வருவதில்லை. இதழின் பெயராகவே வருகிறது. தேநீர்க் கடைப் பலகையில், முடிதிருத்தகத்தில், பழைய தாள் கடையில், ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் கிடைத்த இதழ்கள் அவை. புத்தகக் கடை இல்லாத ஊருக்குப் புனைகதை வந்த வழி அதுதான். தென்னாற்காடாக இருந்து 1993இல் விழுப்புரம் மாவட்டமாகப் பிரிந்த இந்த நிலப்பரப்புக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. தமிழகத்தின் சிற்றூர்கள் பலவற்றிலும் இளைய வாசிப்பின் வரலாறு இதழ்களின் வரலாறாகவே இருந்திருக்கிறது. அவ்வரலாற்றில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் எதிர்ப்படும் பெயர்களுள் ஒன்று வாண்டுமாமா.

அரிமளத்திலிருந்து

வி. கிருஷ்ணமூர்த்தி 1925 ஏப்ரல் 21 அன்று புதுக்கோட்டைச் சீமையின் அரிமளத்தில் பிறந்தார். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரமும் அதே சீமையின் ஊர். அவர் பிறந்தது 1922இல். தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தின் இரு பெரும் உழைப்பாளிகள் மூன்றாண்டு இடைவெளியில் ஒரே வட்டாரத்தில் தோன்றியதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. 1940களில் தமிழில் வெளிவந்த சிறுவர் இதழ்களில் பல புதுக்கோட்டையிலிருந்து வந்தவை. சிறுவர்களுக்கென்று எழுதுவது ஒரு தொழிலாக இருக்க முடியும் என்ற நம்பிக்கை அந்தக் காற்றில் இருந்தது.

தமிழில் சிறுவர் இதழின் தொடக்கத்தை 1840இல் வந்த பாலதீபிகை வரை கொண்டுசெல்வார்கள். ஆயினும் இதழ்களின் வெள்ளம் பெருகியது விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில்தான். 1947 ஜூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் அம்புலிமாமாவைத் தொடங்கினர். 1950இல் வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டில் கலைமகள் நிறுவனத்திலிருந்து ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு கண்ணன் வெளிவரத் தொடங்கியது. பள்ளிகள் பெருகின, படிக்கத் தெரிந்த சிறுவர் கூட்டமும் பெருகிற்று. அக்கூட்டத்துக்குப் பாடநூலுக்கு வெளியே ஏதேனும் தர வேண்டும் என்ற தேவையும் எழுந்தது. கிருஷ்ணமூர்த்தி இளைஞராக எழுத்துலகில் நுழைந்தது இந்த அலையின்மீதுதான். திருச்சியில் படித்தவர், ஓவியத்திலும் நாட்டம் கொண்டவர். வானவில், கிண்கிணி முதலிய சிறுவர் இதழ்களில் ஆசிரியப் பொறுப்பேற்றுத் தொழில் கற்றார்.

இரண்டு பெயர்கள்

வாண்டுமாமா என்ற பெயரை அவருக்குச் சூட்டியவர் ஆனந்த விகடனின் புகழ்பெற்ற ஓவியர் மாலி. எழுத்தாளனின் பெயரை ஓவியன் வைத்தான் என்பதே ஒரு செய்தி. சொல்லையும் கோட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த அக்கால இதழியலின் அடையாளம் அது.

பெயரைச் சற்று நின்று கவனிக்கலாம். வாண்டு என்பது குறும்புக்காரச் சிறுபிள்ளை. அந்த வாண்டுகளுக்கு மாமா. அக்காலத்தில் சிறுவர்களோடு பேச வந்தவர்கள் உறவுமுறையைப் பூண்டே வந்தனர். வானொலி அண்ணா வந்தார், தம்பி சீனிவாசன் வந்தார். நம் குடும்ப அமைப்பில் தந்தை கட்டளையிடுபவர். ஆசிரியர் அவருக்கு அடுத்தவர். மாமனோ திருவிழாவுக்குக் கூட்டிச் செல்பவர், வீட்டில் சொல்லக் கூடாததைச் சொல்லிச் சிரிப்பவர், கேட்டதை வாங்கித் தருபவர். அறிவுரை சொல்லும் உரிமை அவருக்கும் உண்டு. அதை விளையாட்டோடு கலந்து சொல்ல வேண்டிய கடமையும் உண்டு. அன்றைய சிறுவர் எழுத்தின் பெரும்பகுதி தந்தையின் குரலிலோ ஆசிரியரின் குரலிலோ ஒலித்துக்கொண்டிருந்தபோது, இப்பெயரே ஒரு வேறுபாட்டை அறிவித்தது.

அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது: கௌசிகன். பெரியவர்களுக்கான சிறுகதைகளையும் நாவல்களையும் அப்பெயரில் எழுதினார். பாமினிப் பாவை என்ற வரலாற்று நாவலும் சுழிக்காற்றும் கௌசிகன் எழுதியவை. ஒரே மனிதர், ஒரே மேசை. ஆனால் வாசகரின் வயதுக்கேற்பப் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. இந்த இரட்டைப் பெயரில்தான் நாம் தொடக்கத்தில் சொன்ன பிளவு தெளிவாகத் தெரிகிறது. வாண்டுமாமாவைப் படித்த பையன் ஒரு நாள் கௌசிகனைப் படிப்பான் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளில் அவன் எந்தப் பெயரைத் தேடிச் செல்வான்? அதற்கு மூன்றாவது பெயர் எதுவும் வைக்கப்படவில்லை. வாண்டுமாமாவே தம் எல்லையை நீட்டி அந்த வயதையும் எட்டிப் பிடித்தார்.

இரண்டு பெயர்களில் ஒன்றுதான் நிலைத்தது. இன்று கௌசிகன் என்றால் அறிபவர் சிலர். வாண்டுமாமா என்றால் அறியாத நடுவயதுத் தமிழ் வாசகர் அரியர். இலக்கிய மதிப்பைப் பெரியவர்களுக்கான எழுத்தே தரும் என்று நம்பிய ஒரு சூழலில், மதிப்புக்காக எழுதிய பெயர் மங்கியதும், சிறுவர்களுக்காக எழுதிய பெயர் நின்றதும் வரலாற்றின் சிறிய நீதி.

கல்கியும் கோகுலமும்

அவருடைய பணிவாழ்வின் மையம் கல்கி நிறுவனம். 1941இல் கல்கியும் சதாசிவமும் தொடங்கிய அந்த இதழில் 23 ஆண்டுகள் பணியாற்றினார். இதழை நிறுவியவரின் இயற்பெயரும் கிருஷ்ணமூர்த்தியே. முதலாமவர் வரலாற்று நாவலால் தமிழ்க் குடும்பங்களை வாரந்தோறும் காத்திருக்கவைத்தவர். இவர் அக்குடும்பங்களின் பிள்ளைகளைக் காத்திருக்கவைத்தார். இதே நிறுவனம் 1972இல் தொடங்கிய கோகுலத்திலும் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். பிற்காலத்தில் அழ. வள்ளியப்பாவும் கோகுலத்தின் ஆசிரியரானார். புதுக்கோட்டைச் சீமையின் இருவரும் ஒரே இதழில் வந்து சேர்ந்தனர்.

அவர் எழுதிய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. பலவற்றை வானதி பதிப்பகம் வெளியிட்டது. ஓநாய்க்கோட்டை, பவழத் தீவு, சிலையைத் தேடி, ஷீலாவைக் காணோம், காட்டுச் சிறுவன் கந்தன், கனவா? நிஜமா? என்னும் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். தேடுதல், காணாமற்போதல், ஐயுறுதல் ஆகிய மூன்றும் இத்தலைப்புகளை ஆள்கின்றன. நீதிக்கதைகளின் தலைப்புகள் பெரும்பாலும் ஒரு முடிவைச் சொல்பவை. இவை ஒரு கேள்வியைத் தொடங்குபவை. விடை கிடைத்துவிட்ட உலகத்திலிருந்து விடை தேட வேண்டிய உலகத்துக்கு நகர்வதுதானே பன்னிரண்டாம் வயதின் இயல்பு? இத்தலைப்புகளின் இழுப்பு அங்கேதான் இருக்கிறது.

வாண்டுமாமா எழுத, ஓவியர் செல்லம் வரைய வந்த பலே பாலு போன்ற படக்கதைகள் இன்னொரு வாயில். படக்கதையை எழுத்துக்குக் கீழான பொருளாகக் கருதியவர்கள் பலர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதைத் தாண்டியும் நீண்ட பத்தியைக் கண்டால் அஞ்சும் முதல் தலைமுறை வாசகருக்குப் படக்கதை எத்தகைய துணை என்பதை வகுப்பறையில் நிற்பவர் அறிவர். சொல் நின்றுவிடும் இடத்தில் படம் கைகொடுக்கும். படம் சொல்லாததை அறிய மீண்டும் சொல்லுக்கு வர வேண்டும். ஓவியத்தில் நாட்டம் கொண்ட எழுத்தாளருக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் இயல்பாகக் கைவந்தது.

மூன்றாவது வாயில் அறிவு நூல்கள். மருத்துவம் பிறந்த கதை, நமது உடலின் மர்மங்கள் முதலியவை இவ்வகையின. அதே ஆண்டுகளில் பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. அது நூலகத்தில் அமர்ந்து புரட்ட வேண்டிய பெருநூல். வாண்டுமாமா எழுதியவையோ சட்டைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடியவை. தலைப்பிலேயே கதை என்றும் மர்மம் என்றும் வைத்ததைக் கவனிக்க வேண்டும். புனைகதையால் பழகிய வாசகரை அதே ஆவலோடு அறிவியலுக்குள் நடத்திச் செல்லும் உத்தி அது.

இவை அனைத்தும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஓர் இதழாளர், அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாளுக்குள் எழுதி முடித்தவை. அவருடைய சிறப்புகளுக்கும் குறைகளுக்கும் காரணம் இந்த ஒரு நிலைமையே.

வங்கத்தில் நடந்தது

ஒப்பிட்டுப் பார்த்தால் நமது இழப்பின் வடிவம் தெரியும். வங்கமொழியில் இப்பருவத்துக்கான எழுத்தைக் கிஷோர் சாகித்தியம் என்று தனியே பெயரிட்டு வழங்கினர். உபேந்திரகிஷோர் ராய் 1913இல் சந்தேஷ் என்ற இதழைத் தொடங்கினார். அவருக்குப் பின் மகன் சுகுமார் ராய் நடத்தினார். நின்றுபோன அவ்விதழை 1961இல் பேரன் சத்யஜித் ராய் புதுப்பித்தார். 1965இல் அதில்தான் பெலுடா என்னும் துப்பறிவாளர் முதன்முதலாகத் தோன்றினார். அக்கதைகளைச் சொல்பவன் தோப்ஷே என்னும் பதின்பருவப் பையன். அவனோடு வாசகரும் துப்பறிவாளரின் பின்னால் நடப்பார். வங்கத்துப் பேராசிரியர்கள் அக்கதைகளை இலக்கியமாகவே பேசினர். வளர்ந்தவர்களும் அவற்றைக் கூச்சமின்றிப் படித்தனர்.

மேலைநாடுகளிலும் இதே கதைதான் வேறு வகையில் நிகழ்ந்தது. ஸ்டீவன்சனின் புதையல் தீவு, 1881-82இல் இளைஞர்களுக்கான ஒரு வார இதழில் தொடராக வந்து, 1883இல் நூலானது. அமெரிக்க நூலகச் சங்கம் 1957இல் இளையோருக்கென்று தனிப் பிரிவு அமைத்தது. நூலகத்தில் ஓர் அலமாரி தனியே ஒதுக்கப்பட்ட பிறகுதான் அந்த அலமாரியை நிரப்பும் எழுத்தும் தன்னை உணர்ந்தது. 1967இல் எஸ். இ. ஹின்டன் என்னும் பெண் தம் 18ஆம் வயதில் வெளியிட்ட நாவல் அத்துறையின் திருப்புமுனையாயிற்று. அவர் அதை எழுதத் தொடங்கியபோது பள்ளி மாணவி.

ஆக, ஓர் இலக்கிய வகை நிலைபெற மூன்று தேவை: எழுதுபவர், தாங்கும் அமைப்பு, பெயர். வங்கத்தில் மூன்றும் கூடின. சத்யஜித் ராய்க்கு இதழ் குடும்பச் சொத்து. உலகப் புகழ் அவருக்குக் காவல். தமிழில் எழுதுபவர் இருந்தார், அமைப்பு வேறொருவர் கையில் இருந்தது, பெயர் இல்லை. பெயரில்லாததைப் பாடத்திட்டத்தில் வைக்க இயலாது, ஆய்வுத் தலைப்பாகவும் எளிதில் ஆக்க இயலாது. முதுகலைத் தமிழ் வகுப்புகளில் சங்கம் முதல் தற்காலம் வரை நடத்தும் நாம், மாணவர்களை முதன்முதலாக வாசகர்களாக்கிய எழுத்தை மட்டும் கடந்துசென்றுவிடுகிறோம் என்பதன் வேர் இங்கே இருக்கிறது.

பூந்தளிர்

1972 கோகுலம் பிறந்த ஆண்டு மட்டுமன்று. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியதும் அவ்வாண்டில்தான். இங்கிலாந்திலிருந்து வந்த சாகசப் படக்கதைகள் தமிழ் பேசத் தொடங்கின. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1984இல், ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இரண்டும் தொடங்கின. அதே 1984இல், கேரளத்தின் பைக்கோ நிறுவனம் வெளியிட்ட பூந்தளிருக்கு வாண்டுமாமா ஆசிரியரானார். ஒரே ஆண்டில் மூன்று இதழ்கள். வாங்கக் காசும் படிக்க ஆவலும் கொண்ட இளைய கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அப்போது அவருக்கு வயது 59. பிறர் ஓய்வுபெறும் வயதில் அவர் ஒரு புதிய இதழின் குணத்தையே வடித்தார். அனந்த் பையின் பட்டறையிலிருந்து வந்த கபீஷ், காக்கை காளி, வேட்டைக்கார வேம்பு முதலிய படக்கதைகள் பூந்தளிரில் தமிழ் உருக்கொண்டன. அவற்றோடு அறிவியல் செய்தி, புதிர், சிறுகதை என்று பலவும் ஒரே இதழில் அமைந்தன. வேம்பு, காளி என்னும் பெயர்களைப் பாருங்கள். வடக்கே பிறந்த ஒரு வேட்டைக்காரனுக்கும் காக்கைக்கும் நம் தெருவில் கூப்பிடக்கூடிய பெயர்கள் கிடைத்திருக்கின்றன. மொழிபெயர்ப்பு என்னும் கலையின் அரிச்சுவடியை, அதைக் கற்கிறோம் என்று அறியாமலே, இப்பெயர்களின் வழியாகக் கற்ற தலைமுறை ஒன்று உண்டு.

பூந்தளிர் நெடுங்காலம் வாழவில்லை. அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் நின்றுபோனது. இதழ் நின்றால் அதில் எழுதியவர் எங்கே நிற்பது என்ற கேள்விக்குத் தமிழில் விடை இருந்ததில்லை. வாண்டுமாமா தொடர்ந்து எழுதினார். தம் வாழ்க்கையை எழுதியபோது அந்நூலுக்கு அவர் வைத்த தலைப்பு எதிர்நீச்சல். வேறு விளக்கம் அதற்குத் தேவையில்லை.

குறைகளும் கணக்கில் சேரும்

போற்றுவதற்காக மட்டும் எழுதினால் வரலாறு ஆகாது. வாண்டுமாமாவின் புனைவுலகில் கோட்டைகளும் தீவுகளும் காடுகளும் புதையல்களும் மிகுதி. மேலைச் சாகசக் கதைகளின் சட்டகம் அவற்றின் பின்னால் தெரியும். வாரக்கெடுவின் அவசரமும் ஆங்காங்கே தட்டுப்படும். உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாரும் தாயின் மகள், தன் வீட்டை அந்தப் பக்கங்களில் காண்பது அரிது. உப்பளத் தொழிலாளரின் வாழ்வு தமிழ் நாவலில் வலுவாகப் பதிவானது 1979இல், தூத்துக்குடியைக் களமாகக் கொண்டு ராஜம் கிருஷ்ணன் எழுதிய கரிப்பு மணிகளில். ஆனால் அது பெரியவர்களுக்கான நாவல். அவ்வுலகத்துக்குள்ளேயே வளரும் பதின்மூன்று வயதுப் பிள்ளை கையில் எடுத்தால், பாதியில் வைத்துவிடக் கூடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கண் கூசும் வெள்ளை வெளியில் பகல் முழுதும் நின்று, உப்பு நீரால் காலில் வெடிப்பு கண்ட பெற்றோரோடு வாழும் பிள்ளைக்கு, கதையிலும் உப்பளமே வேண்டும் என்று முடிவு செய்ய நாம் யார்? பவழத் தீவு என்ற தலைப்பைக் கண்டதும் அப்பிள்ளையின் மனம் எங்கோ சென்றுவந்தால், அது தப்பித்தல் என்று இகழத்தக்கதன்று. வாசகராவதற்கான முதல் படி பல நேரங்களில் அதுவே. இரண்டாம் படியாகத் தன் ஊரைத் தானே எழுத்தில் காண வேண்டும். முதல் படியை வாண்டுமாமா தலைமுறை கட்டிக்கொடுத்தது. இரண்டாம் படியைக் கட்டும் பொறுப்பு பின்வந்தவர்களுடையது. அது தாமதமானதற்கு முதல் படியைக் கட்டியவர் மீது பழி சொல்வது முறையன்று.

பெயர் வந்த பிறகு

சாகித்திய அகாதெமி 2010இல் பால சாகித்திய புரஸ்காரத்தை ஏற்படுத்தியது. வாண்டுமாமாவின் வாழ்நாளில், 2010 முதல் 2013 வரை, தமிழுக்கு நான்கு முறை அவ்விருது வந்தது. மா. கமலவேலன், ம. இலெ. தங்கப்பா, கொ.மா. கோதண்டம், ரேவதி ஆகியோர் பெற்றனர். அனைவரும் தகுதியானவர்களே. தங்கப்பா, நம் பக்கத்துப் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்து தமிழ் வளர்த்தவர். ஆயினும் அந்த நான்கில் வாண்டுமாமாவின் பெயர் இல்லை என்பதும் வரலாற்றுச் செய்தி. 2014 ஜூன் 12 அன்று, தம் 89ஆம் வயதில் அவர் காலமானார்.

அவருக்கு முன்பும் பின்பும் இதழ்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அம்புலிமாமா 2013இல் நின்றது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் கல்கி நிறுவனத்தின் அச்சிதழ்களும் நின்று இணையத்துக்குச் சென்றன. தேநீர்க் கடைப் பலகையிலும் பழைய தாள் கடையிலும் தற்செயலாகக் கைக்குக் கிடைக்கும் வழி அடைபட்டுவிட்டது. இன்று நூல்கள் அன்றைவிட அழகாக அச்சாகின்றன. ஆனால் அவற்றைத் தேடிச் சென்று வாங்க வேண்டியிருக்கிறது. தேடத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு இது குறையன்று. முதல் தலைமுறை வாசகருக்கு இது பெரிய குறை. ஏனெனில், இருப்பதே தெரியாத ஒன்றை எவரும் தேடுவதில்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. இளையோர் நாவல் என்ற பெயர் இப்போது அட்டைகளில் அச்சாகிறது. 2021இல் பால சாகித்திய புரஸ்காரம் பெற்ற மு. முருகேஷ் நமக்கு அருகிலுள்ள வந்தவாசியில் வாழ்ந்து எழுதுபவர். 2023இல் அவ்விருதைப் பெற்ற உதயசங்கரின் ஆதனின் பொம்மை, கீழடியை மையமாகக் கொண்ட இளையோர் நாவல். பழந்தமிழ் நகரம் ஒன்றை அகழாய்வு அறிக்கையிலிருந்து இளையவரின் கைக்கு மாற்ற முடியும் என்று அது காட்டியது. வாண்டுமாமாவின் பழைய இதழ்ப் பக்கங்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்தவர்களும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார் அல்லர். சிறுவயதில் அவரைப் படித்து வளர்ந்த எளிய வாசகர்களும் படக்கதை ஆர்வலர்களுமே. எழுத்தாளருக்கு விருதைவிட உறுதியான காவல் அது.

இனி ஆக வேண்டியவை பெரியவை அல்ல. தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்தில் இளையோர் புனைவுக்கு ஓர் அலகு இடம் பெறலாம். இதழ்த் தொடர்களின் பட்டியலை ஆண்டுவாரியாகத் தொகுப்பது முனைவர் பட்டத்துக்கே உரிய வேலை. கிளை நூலகங்களில், குழந்தைகள் பகுதிக்கும் நாவல் பகுதிக்கும் நடுவே ஒரே ஓர் அலமாரி போதும். அமெரிக்காவில் ஓர் அலமாரி என்ன செய்தது என்பதை மேலே கண்டோம்.

இக்கரைக்குத் தொடர்பான ஒரு பழைய சித்திரத்தை இங்கே நினைவுகூரலாம். பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. 269 அடிகள் கொண்டது. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கொள்ளும் முடிவு. அப்பாட்டில், பாண்டியனின் கொற்கையைச் சொல்லும் பகுதியில், உப்பு வணிகரின் வண்டிகளோடு வந்த ஒரு குரங்கு இடம்பெறுகிறது. பிள்ளைபோல் வளர்க்கப்பட்ட அக்குரங்கு, கிளிஞ்சலுக்குள் முத்துகளை இட்டு, உப்பு வணிகப் பெண்களின் சிறுவர்களோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. மன்னனைப் பாட வந்த நத்தத்தனார், உப்பு வண்டியின் பின்னே வந்த பிள்ளைகளின் விளையாட்டுக்காகச் சில அடிகள் ஒதுக்கினார். உப்பு விற்போரின் பிள்ளைகள் இலக்கியத்தில் இடம்பெறத் தகுதியானவர்கள் என்பதைத் தமிழ் அன்றே அறிந்திருந்தது. அவர்கள் இலக்கியத்தைப் படிக்கவும் தகுதியானவர்கள் என்று நம்பி, 20ஆம் நூற்றாண்டில் அவர்களுக்கு ஒரு மாமனாக வந்து நின்றவர் அரிமளம் கிருஷ்ணமூர்த்தி.